கும்மிடிப்பூண்டிக்கு ஒரு வானொலி

2018 மே 9 அன்று, திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில் மனநலம் பாதிக்கப்பட்டவர்போல் திரிந்த ஒருவரை ஒரு கும்பல் அடித்தே கொன்றது. உடலைப் பாலத்தில் கட்டித் தொங்கவிட்டது. அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே அத்திமூரில் கோயிலுக்குக் காரில் வந்த குடும்பம் ஒன்று, வழியில் நின்ற குழந்தைகளுக்கு இனிப்பு கொடுத்தது. அந்தக் குடும்பத்தின் 65 வயது மூதாட்டியையும் ஒரு கும்பல் அடித்துக் கொன்றது. இரண்டு கொலைகளுக்கும் பின்னால் இருந்தது ஒரே வதந்தி. வட மாநிலங்களிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் இறங்கியிருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவுகளும் படங்களும் சுற்றிக்கொண்டிருந்தன. கொல்லப்பட்ட இருவருமே எந்தக் குழந்தையையும் கடத்த வந்தவர்கள் இல்லை.

ஏழரை ஆண்டுகள் கழித்து, 2025 டிசம்பர் இறுதியில், திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு முனையில் இன்னொரு கொடுமை நடந்தது. சென்னையிலிருந்து திருத்தணி செல்லும் மின்சார ரயிலில் 17 வயதுச் சிறுவர்கள் நான்கு பேர் அரிவாளைக் காட்டி ரீல்ஸ் எடுத்தார்கள். உடன் பயணித்த வட மாநில இளைஞரை மிரட்டி, திருத்தணியில் வைத்து வெட்டினார்கள். அதையும் படம்பிடித்துப் பதிவேற்றினார்கள்.

பழவேற்காட்டில் கைபேசியில் வந்த தகவல் வன்முறையைத் தூண்டியது. திருத்தணியில் கைபேசியில் போடுவதற்காகவே வன்முறை நடந்தது. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையில்தான் தமிழ்நாட்டின் முக்கியமான தொழிற்பகுதிகளில் ஒன்றான கும்மிடிப்பூண்டி இருக்கிறது. இங்கே அமைதி என்பது நாடுகளுக்கு இடையே கையெழுத்தாகும் ஒப்பந்தம் கிடையாது. ஷிப்ட் முடிந்து அறைக்குத் திரும்பும் ஒடியா இளைஞர் அடிபடாமல் போய்ச் சேருவதும், அவர் கடந்து செல்லும் தெருவில் இருக்கும் தாய் தன் பிள்ளையைப் பற்றி அஞ்சாமல் இருப்பதும்தான் அமைதி. அந்த அமைதியைக் குலைக்கும் தொழிலுக்கு இணையத்தில் வருமானம் இருக்கிறது. அதைக் கட்டும் தொழிலுக்கு ஊதியம் கொடுக்க இங்கே இதுவரை யாரும் முன்வரவில்லை. பாட்டு, நாடகம், ஒலிபரப்பு, காணொளி, மொழிபெயர்ப்பு, தகவல் சரிபார்ப்பு என்று படைப்பும் தொழில்நுட்பமும் சேர்ந்த வேலைகளை அமைதிக்கான முறையான தொழிலாக வளர்க்க வேண்டும் என்றால், அதைத் தொடங்கக் கும்மிடிப்பூண்டியைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

பல மொழிகள் புழங்கும் பகுதி

சென்னை – கொல்கத்தா நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் போகின்றன. சிப்காட் தொழில் வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் கம்பி உருட்டும் ஆலைகளும் இயங்குகின்றன. சற்றுத் தள்ளித் தேர்வாய் கண்டிகையில் இன்னொரு சிப்காட் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் காட்டுப்பள்ளியும் எண்ணூரும் துறைமுகம், கப்பல் கட்டும் தளம், அனல்மின் நிலையம் என்று விரிந்துகொண்டே போகின்றன. மாவட்டத்தின் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். உலை முன்னாலும் சாரத்தின் மேலும் வேலை செய்பவர்களில் பெரும்பகுதியினர் பிகார், ஒடிசா, மேற்கு வங்கம், அசாம், ஜார்க்கண்ட், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலிருந்து வந்தவர்கள்.

உள்ளூர்க்காரர்களே இருமொழிக்காரர்கள்தான். ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் ஆந்திரம். மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது இந்த எல்லைக்காகக் கடுமையான போராட்டம் நடந்தது. ம.பொ.சிவஞானம் முன்னின்று நடத்திய எல்லைப் போராட்டம், எல்லைத் தகராறில் நடுவராக இருந்த படாஸ்கரின் பரிந்துரை, 1959ஆம் ஆண்டின் எல்லை மாற்றச் சட்டம் ஆகியவற்றுக்குப் பிறகு 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துடன் இணைந்தது. இந்தப் பக்கத்துக் கிராமங்கள் சில ஆந்திரத்துக்குப் போயின. உயிர்ப்பலி வரை போன மொழிச் சண்டை பேச்சாலும் சட்டத்தாலும் தீர்ந்தது. இன்று தெலுங்கு பேசும் வீடும் தமிழ் பேசும் வீடும் ஒரே தெருவில் கொள்வினை கொடுப்பினையோடு வாழ்கின்றன.

இதே கும்மிடிப்பூண்டியில் ஈழத்திலிருந்து போருக்குத் தப்பி வந்தவர்களின் முகாமும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் அதுவும் ஒன்று. இனப் பகை ஒரு நாட்டை என்ன செய்யும் என்பதை உடலால் அறிந்த மக்கள், வேலை தேடி வந்த வட மாநிலத்தவர், நிலத்தைத் தொழிற்சாலைக்குக் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் வேலை கேட்டு நிற்கும் உள்ளூர் இளைஞர் ஆகிய மூன்று தரப்பும் ஒரே சந்தையில் காய்கறி வாங்குகின்றன. ஆனால் ஒருவர் கைபேசியில் ஓடும் உலகம் மற்றவருக்குத் தெரியாது. மொழி வேறு, செயலி காட்டும் காணொளி வேறு, ஒருவரைப் பற்றி மற்றவர் கேள்விப்படும் கதையும் வேறு.

அச்சத்தை விற்றவர்கள்

2023 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் நடந்ததை நினைவில் கொள்வது அவசியம். தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களைத் தேடித் தேடிக் கொல்கிறார்கள் என்ற பொய், காணொளிகளாக வட மாநிலங்களில் பரவியது. ஆதாரம் என்று காட்டப்பட்ட காட்சிகளில் ஒன்று ராஜஸ்தானில் நடந்த கொலை. இன்னொன்று கோவையில் உள்ளூர் கும்பல்களுக்கு இடையிலான மோதல். ஆல்ட் நியூஸ் போன்ற தகவல் சரிபார்ப்புத் தளங்கள் ஒவ்வொன்றாக எடுத்து அவை பொய் என்று நிறுவின. அதற்குள் ஊரிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டே பிள்ளைகளுக்குப் போன் செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஹோலிக்குப் போகிற கூட்டத்தோடு, பயந்து போகிற கூட்டமும் ரயில் நிலையங்களில் சேர்ந்தது.

பிகாரைச் சேர்ந்த யூடியூபர் ஒருவர் வெளியிட்ட காணொளியில், காயத்துக்குக் கட்டுப் போட்ட இருவர் தமிழ்நாட்டில் அடிபட்டதாகச் சொன்னார்கள். அது பாட்னாவில் ஒரு வாடகை வீட்டில் வைத்து எடுக்கப்பட்டது என்று பிகார் காவல் துறையின் பொருளாதாரக் குற்றப் பிரிவு தெரிவித்தது. அவர் கைது செய்யப்பட்டார். அவர்மீது தேசியப் பாதுகாப்புச் சட்டமும் பாய்ந்தது. அந்தச் சட்டத்தில் அடைத்ததை அதே ஆண்டு நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது.

இந்தப் பொய்யின் பொருளாதாரத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். யூடியூப், இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் எல்லாமே பார்க்கப்படும் நேரத்தை விளம்பரமாக மாற்றிக் காசாக்கும் நிறுவனங்கள். கோபமும் பயமும் மனிதரைத் திரையை விட்டு நகரவிடாது. எனவே அவை மேலும் பலருக்குக் காட்டப்படுகின்றன. போட்டவருக்குப் பின்தொடர்வோர் கூடுகிறார்கள். பின்தொடர்வோர் கூடினால் வருமானமும் அரசியல் செல்வாக்கும் வருகின்றன. பயத்தைத் தயாரிப்பவருக்கு மூலதனம் ஒரு கைபேசி மட்டும். அதை மறுப்பவரோ காட்சியின் மூலத்தைத் தேட வேண்டும், காவல் நிலையத்தில் கேட்க வேண்டும், மொழிபெயர்க்க வேண்டும். இவ்வளவு செய்தும் அவருடைய காணொளி பாதிப் பேரைக்கூடச் சென்றடைவதில்லை.

அன்று நிலைமையைத் தணித்தது எது? அப்போது முதல்வராக இருந்த மு.க.ஸ்டாலின், அப்போதைய பிகார் முதல்வர் நிதீஷ் குமாரிடம் பேசினார். அன்றைய காவல் துறைத் தலைவர் சைலேந்திர பாபு வதந்தியை மறுத்துக் காணொளி வெளியிட்டார். பிகார் அரசின் செயலர் பாலமுருகன் தலைமையிலான குழு தமிழ்நாட்டுக்கு வந்து தொழிலாளர்களிடம் நேரில் பேசியது. மாவட்ட நிர்வாகங்கள் இந்தியில் அறிவிப்பு வெளியிட்டு, உதவி எண்களைத் திறந்தன. தாங்கள் நலமாக இருப்பதாகத் தொழிலாளர்களே பேசிய காணொளிகளும் பரவின. இத்தனையும் சேர்ந்து தீயை அணைத்தன. தொழிலாளர் தாய்மொழியில், நம்பத்தக்க முகம் ஒன்று, உடனே பேசியதுதான் பலன் தந்தது. ஆனால் அந்த ஏற்பாடு வதந்தி வந்த பிறகு அவசரமாகக் கட்டப்பட்டது. வதந்தி ஓய்ந்ததும் கலைந்துபோனது. தீயணைப்பு வண்டி ஓடியது. தீயணைப்பு நிலையம் கட்டப்படவில்லை.

குறை இருக்கும் இடத்தில் பாட்டு போதாது

2025இல் திருவள்ளூர் மாவட்டம் அடுத்தடுத்துச் சோதனைகளைக் கண்டது. ஜூலையில் ஆரம்பாக்கத்தில் ஒரு சிறுமிக்குப் பாலியல் கொடுமை நிகழ்ந்தது. வேறு மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் கைதானார். குற்றம் ஒருவருடையது. ஆனால் சமூக ஊடகங்களில் பழி வட மாநிலத்தவர் அனைவர்மீதும் விழுந்தது. செப்டம்பர் தொடக்கத்தில் காட்டுப்பள்ளியில் உத்தரப் பிரதேசத் தொழிலாளி ஒருவர் தங்குமிடத்தின் மாடிப்படியிலிருந்து விழுந்து இறந்தார். இழப்பீடு கேட்டுத் திரண்ட சக தொழிலாளர்களுக்கும் காவலர்களுக்கும் மோதல் ஏற்பட்டது; கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, காயம், கைது என்று அது முடிந்தது. அந்த மாதம் 30ஆம் தேதி எண்ணூர் சிறப்புப் பொருளாதார மண்டல அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்து ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். அவர்கள் அசாமிலிருந்து வந்தவர்கள்.

இந்த இடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சாரம் சரிந்து விழும் இடத்தில் ஒற்றுமைப் பாட்டு போடுவது அமைதிப் பணி ஆகாது. பாதுகாப்புக் கருவி, முறையான கூலி, கூட்டமில்லாத தங்குமிடம், இறந்தால் குடும்பத்துக்கு உடனடி இழப்பீடு ஆகியவைதான் முதலில் வர வேண்டும். 1979ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கிடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டம் அன்றே இவற்றில் பலவற்றைக் கேட்டது. கலையும் தொழில்நுட்பமும் நீதியின் இடத்தைப் பிடிக்க முடியாது.

ஆனால் காட்டுப்பள்ளியில் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஒரு மரணம் நிகழ்ந்தவுடன் தொழிலாளர்கள் கேட்கும் கேள்விகள் எளிமையானவை. எப்படி இறந்தார்? உடல் எப்போது ஊருக்குப் போகும்? வீட்டுக்கு என்ன கிடைக்கும்? அவர்கள் மொழியில், அவர்கள் நம்பும் ஒருவர், அந்த இரவே பதில் சொல்லும் ஏற்பாடு இருந்தால் கூட்டம் கல்லை எடுக்கும் நிலைக்குப் போவது குறையும். குறைகளைச் சொல்ல ஒரு வாசல் இருந்தால் அவை தெருவுக்கு வர வேண்டியதில்லை. படைப்புத் துறையும் டிஜிட்டல் துறையும் அமைதிக்கு உண்மையாகத் தரக்கூடியது இந்த வாசலைத்தான்.

ருவாண்டாவும் சத்தீஸ்கரும்

அத்தகைய முயற்சிகள் வேறு இடங்களில் நடந்திருக்கின்றன. ருவாண்டாவில் 1994இல் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்ட இனப்படுகொலைக்கு ஆர்.டி.எல்.எம். என்ற வானொலி தூபம் போட்டது. யாரைக் கொல்ல வேண்டும் என்று பெயர் சொல்லி ஒலிபரப்பியது. பத்தாண்டுகள் கழித்து, 2004இல், அதே நாட்டில் அதே வானொலி ஊடகத்தில் ‘முசெகெவேயா’ என்ற தொடர் நாடகம் தொடங்கியது. நிலப் பற்றாக்குறையால் பகைத்துக்கொள்ளும் இரண்டு கற்பனைக் கிராமங்களின் கதை அது. காதல், பொறாமை, தலைவர்களின் சூது, அதை எதிர்த்துப் பேசும் இளைஞர்கள் என்று கிராம மக்கள் வாரம் தவறாமல் கேட்கும் தொடராக வளர்ந்தது.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் எலிசபெத் லெவி பாலக், இந்த நாடகத்தைக் கேட்டவர்களையும் உடல்நலம் பற்றிய வேறொரு நாடகத்தைக் கேட்டவர்களையும் ஓராண்டு ஒப்பிட்டுப் பார்த்தார். கேட்டவர்களின் தனிப்பட்ட நம்பிக்கைகள் பெரிதாக மாறியிருக்கவில்லை. ஆனால் ‘நம் ஊரில் எப்படி நடந்துகொள்வது சரி’ என்ற எண்ணம் மாறியிருந்தது. மாற்றுக் கருத்தை வெளியே சொல்லும் துணிவு கூடியிருந்தது. கும்மிடிப்பூண்டிக்கு இந்த முடிவு மிகவும் பயன்படக்கூடியது. எல்லோரையும் ஒரே நாளில் நல்லவர்களாக்க எந்தக் கலையாலும் முடியாது. ‘வடக்கத்திக்காரனை அடித்தால் ஊர் கைதட்டும்’ என்று ஒரு சிறுவன் நினைப்பதை, ‘ஊர் வெட்கப்படும்’ என்று மாற்ற முடியும்.

சத்தீஸ்கரின் மாவோயிஸ்ட் மோதல் பகுதியில், முன்னாள் பிபிசி செய்தியாளர் சுப்ரான்ஷு சௌத்ரி 2010இல் ‘சிஜிநெட் ஸ்வர’ என்ற குரல் சேவையைத் தொடங்கினார். கோண்டி பேசும் பழங்குடியினருக்கு அப்போது செய்தித்தாளும் இல்லை, இணையமும் இல்லை. சாதாரண கைபேசி இருந்தது. ஓர் எண்ணுக்கு அழைத்துத் தங்கள் மொழியில் குறையைப் பதிவுசெய்யலாம். அதைச் சரிபார்த்து வெளியிடுவார்கள். மற்றவர்கள் அழைத்துக் கேட்கலாம். வராத கூலி, மூடிய பள்ளி, பழுதான அடிகுழாய் என்று பதிவுகள் வந்தன. கேட்டவர்கள் சம்பந்தப்பட்ட அதிகாரியை அழைத்துக் கேள்வி கேட்டார்கள். துப்பாக்கி ஏந்தியவர்களிடம் மட்டுமே குறையைச் சொல்ல முடியும் என்றிருந்த மக்களுக்கு இன்னொரு காது கிடைத்தது.

ஹரியாணாவின் தொழில் நகரமான குருகிராமில் 2009இல் ‘குட்காவ் கி ஆவாஸ்’ என்ற சமுதாய வானொலி தொடங்கியது. பூர்விகக் கிராமத்தினரின் ராகினிப் பாட்டும், பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் பாடிய போஜ்புரிப் பாட்டும் ஒரே அலைவரிசையில் ஒலித்தன. பிழைக்க வந்தவர் ஒருவர் மைக் முன்னால் தன் ஊர்ப் பாட்டைப் பாடும்போது, அதைக் கேட்கும் உள்ளூர்க்காரருக்கு அவர் முகமில்லாத கூட்டத்தில் ஒருவராகத் தெரியமாட்டார்.

இலங்கையிலும் ஒரு முன்மாதிரி இருக்கிறது. பராக்கிரம நிரியெல்லவும் எச்.ஏ.பெரேராவும் உருவாக்கிய நடமாடும் அரங்குக் குழு சிங்களத்தில் ‘ஜனகரளிய’ என்றும் தமிழில் ‘மக்கள் களரி’ என்றும் அறியப்படுகிறது. சிங்கள, தமிழ் இளைஞர்கள் ஒன்றாகத் தங்கி, ஒருவர் மொழியை மற்றவர் கற்று, இரண்டு மொழிகளிலும் நடித்தார்கள். நாடகத்தின் கருத்தைக் காட்டிலும், அதைச் சேர்ந்து தயாரித்த உழைப்பே அவர்களை இணைத்தது.

இந்த நான்கு முயற்சிகளுக்கும் பொதுவானவை சில உண்டு. மக்கள் மொழியில் பேசின. கேட்பவரையும் பேசவிட்டன. ஒரு நாள் விழாவாக இல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடந்தன. எழுத்தாளர், நடிகர், ஒலிப்பதிவாளர், சரிபார்ப்பவர் என்று அவற்றுக்கு உழைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சாப்பாடு போட யாரோ பொறுப்பேற்றார்கள்.

முகாமில் இருக்கும் திறமை

ஈழத் தமிழர் முகாம்களை ‘மறுவாழ்வு முகாம்’ என்று 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு பெயர் மாற்றியது. 317 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களை அறிவித்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தரும் திட்டமும் அதில் அடக்கம். வீடு வந்தது நல்லது. வேலைதான் இன்னும் சிக்கலாக இருக்கிறது. முகாம்களில் பட்டம் படித்த இளைஞர்கள் பலர் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள். 1987 ஜூலைக்குப் பின் இந்தியாவில் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருந்தால்தான் குடியுரிமை. 2019ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இடம்பெறவில்லை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவுசெய்தவர்களுக்குத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் ஆணையிட்டது. அது அச்சத்தைக் குறைத்தது. வேலைக்கான கதவைத் திறக்கவில்லை.

ஒலி தொகுப்பு, காணொளித் தொகுப்பு, வரைகலை, எழுத்துப்பெயர்ப்பு, தகவல் சரிபார்ப்பு போன்ற வேலைகளுக்கு அலுவலகம் தேவையில்லை. பயிற்சியும் கணினியும் இணையமும் போதும். பல்கேரியாவில் 2017இல் தொடங்கிய ‘ஹியூமன்ஸ் இன் த லூப்’ நிறுவனம் அகதிகளுக்குப் பயிற்சியளித்து, செயற்கை நுண்ணறிவுக்கான தரவுகளை ஒழுங்குபடுத்தும் பணியில் அமர்த்தியது. ஈழத் தமிழர்களிடையே இந்தத் திறமைக்கு நல்ல சான்று நூலகம் வலைத்தளம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட காயத்தை மறக்காத தன்னார்வலர்கள், 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவாக்கி, லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்களைக் காத்திருக்கிறார்கள். நெருப்புக்கு எதிராக ஒரு சமூகம் டிஜிட்டல் முறையில் தன் நினைவைக் கட்டி எழுப்பியிருக்கிறது.

அகதிகள் பற்றிய கதைகளுக்குச் சந்தையும் இருக்கிறது. இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் தமிழ்நாட்டுக்குத் தப்பி வரும் குடும்பத்தின் கதையான ‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025 மே மாதம் திரையரங்குகளை நிரப்பியது. கும்மிடிப்பூண்டியின் இளைஞர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்லி, அதற்குரிய கூலியையும் பெற வேண்டும்.

கூலியைப் பற்றிப் பேசும்போது ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலை நினைக்காமல் இருக்க முடியாது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டியின் வாழ்விலிருந்து அரக்கோணத்துப் பாடகர் அறிவு எழுதிய அந்தப் பாடல் 2021 மார்ச்சில் வெளியாகி, கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. நிலமிழந்தவர்களின் வரலாறு உலகெங்கும் ஒலித்தது. ஆனால் அந்தப் பாடலால் கலைஞர்கள் யாருக்கும் ஒரு பைசாகூட வரவில்லை என்று இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024 மார்ச்சில் வெளிப்படையாகச் சொன்னார். அதற்கு முன்பே, பாடலின் புகழ் யாருக்கு உரியது என்பதிலும் மனக்கசப்பு எழுந்திருந்தது. புகழ்பெற்ற கலைஞர்களுக்கே இந்த நிலை என்றால், முகாமிலிருந்தும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்தும் வருபவர்களுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தமும் உரிமைப் பங்கும் இல்லாமல் படைப்புப் பொருளாதாரம் என்று பேசுவதில் பொருள் இல்லை. கென்யாவில் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களுக்காகக் கொடூரமான உள்ளடக்கங்களைத் தரம் பிரித்தவர்களுக்கு மணிக்கு இரண்டு டாலருக்கும் குறைவாகக் கொடுக்கப்பட்டது 2023இல் அம்பலமானது. அந்த வகை வேலை இங்கே வரக் கூடாது.

யார் செலவில், யார் பொறுப்பில்?

இந்தியாவின் முதல் சமுதாய வானொலி 2004 பிப்ரவரி 1 அன்று சென்னையில் அண்ணா பல்கலைக்கழகத்தில்தான் தொடங்கியது. கல்வி நிறுவனங்களோடு தொண்டு நிறுவனங்களும் இத்தகைய வானொலி நடத்த 2006இல் வழி திறந்தது. குறைந்த சக்தியுள்ள ஒலிபரப்புதான். ஆனால் ஒரு தொழிற்பேட்டைக்கும் அதைச் சுற்றியுள்ள ஊர்களுக்கும் அது போதும். கும்மிடிப்பூண்டியில் தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியா, வங்காளம், அசாமியம் ஆகிய மொழிகளில் நேரம் பிரித்துப் பேசும் வானொலி ஒன்று வேண்டும். காலையில் ஊர்ப் பாட்டு, மாலையில் தொழிலாளர் சட்டமும் மருத்துவமும் பற்றிய கேள்வி பதில், வாரம் ஒரு தொடர் நாடகம். சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பக் கட்டுப்பாடு இருப்பதால், குறை சொல்லவும் வதந்தி பற்றிக் கேட்கவும் சிஜிநெட் போன்ற தொலைபேசிக் குரல் சேவையை அதனோடு இணைக்கலாம். தயாரிப்புக் குழுவில் உள்ளூர் இளைஞர், முகாம் இளைஞர், வட மாநிலத் தொழிலாளர் மூவரும் சம்பளத்துக்கு இருக்க வேண்டும். ரீல்ஸ் எடுக்கத் தெரிந்த பதின்வயதினரின் கைக்கு அரிவாளைவிட நல்ல வேலை கிடைக்கவும் அது வழி செய்யும்.

பணம் எங்கிருந்து வரும்? 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் 135ஆவது பிரிவின்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வியும் கலையும் பண்பாடும் அந்தப் பட்டியலில் உண்டு. கும்மிடிப்பூண்டி, தேர்வாய் கண்டிகை, காட்டுப்பள்ளி நிறுவனங்கள் கூட்டாக ஒரு நிதியை உருவாக்கலாம். 2023 மார்ச்சில் தொழிலாளர் ஊருக்குக் கிளம்பியபோது தொழில் துறைக்கு ஏற்பட்ட கவலையை நினைத்தால் இது அவர்களுடைய சொந்த நலனும்கூட.

ஆனால் பணம் கொடுப்பவர் மைக்கைப் பிடிக்கக் கூடாது. விபத்தையும் கூலி பாக்கியையும் பற்றிப் பேச முடியாத வானொலியைத் தொழிலாளர் நம்ப மாட்டார்கள். அரசுக்கும் இது பொருந்தும். தமிழ்நாடு அரசு 2023இல் தகவல் சரிபார்ப்பகம் அமைத்தது. மத்திய அரசு தகவல் தொழில்நுட்ப விதிகளில் கொண்டுவந்த சரிபார்ப்புப் பிரிவை 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. அரசைப் பற்றிய தகவலுக்கு அரசே நீதிபதியாக முடியாது என்பதால், உள்ளூர் கல்லூரி, தொழிற்சங்கம், தொழிலாளர் பிரதிநிதிகள் இடம்பெறும் தனி அறக்கட்டளையே நிர்வாகத்துக்கு ஏற்றது.

சமூக ஊடக நிறுவனங்களும் கணக்குச் சொல்ல வேண்டும். 2018 மார்ச்சில் இலங்கையின் திகனையில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் தன் தளம் ஆற்றிய பங்குக்காக ஃபேஸ்புக் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. பழவேற்காடு உள்ளிட்ட கும்பல் கொலைகளுக்குப் பிறகுதான், 2018 ஜூலையில், ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் தகவலை முன்னனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. உயிர் போன பின் வரும் வருத்தம் போதாது. தமிழிலும் ஒடியாவிலும் போஜ்புரியிலும் வெறுப்புப் பதிவுகளைக் கண்டறியும் ஆட்களை அவர்கள் நியமிக்க வேண்டும்.

பள்ளிகளின் பங்கும் பெரிது. கேரளத்தில் 2017இல் பெரும்பாவூரில் தொடங்கிய ‘சங்ஙாதி’ திட்டம் வட மாநிலத் தொழிலாளர்களுக்கு மலையாளம் கற்றுக்கொடுத்தது. புலம்பெயர் தொழிலாளர்களின் குழந்தைகளுக்காகத் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த ‘தமிழ் மொழி கற்போம்’ திட்டம் நல்ல தொடக்கம். பெற்றோருக்கும் அது விரிவடைய வேண்டும். அந்தப் பாடங்களை வானொலியே நடத்தலாம்.

இதே மாவட்டத்தின் குத்தம்பாக்கத்தில் 500 கோடி ரூபாய் மதிப்பில் திரைப்பட நகரம் அமைக்கும் திட்டத்தை அரசு 2024இல் அறிவித்தது. தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் சுவரைப் பகிர்ந்து வாழும் இரட்டை வீடுகளை ஊராட்சித் தலைவராக இருந்த இளங்கோ கட்டிக் காட்டிய ஊர் அது. அங்கே எழும் படப்பிடிப்புத் தளங்களில் ஒன்று திருவள்ளூர் மாவட்டத்து முகாம் இளைஞர்களுக்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும் இலவசப் பயிற்சிக் கூடமாக இருக்கட்டும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் தேவையில்லை. வானொலிக்கான உரிம விதி இருக்கிறது, நிறுவனங்களின் நிதி இருக்கிறது, வேலைக்கு ஏங்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்ட ஆட்சியர், சிப்காட் நிர்வாகம், தொழில் நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், முகாம் பிரதிநிதிகள் ஆகியோரை ஒரே மேசையில் உட்காரவைக்கத் தமிழ்நாடு அரசு முன்வர வேண்டும். அடுத்த வதந்தி வருவதற்குள் அந்த வானொலி பேசத் தொடங்க வேண்டும்.